வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் ஹம்: அது நுழையும் வழியைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

வீட்டில் செய்த வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையரில் ஹம், அதாவது பாட்டோடு சேராமல் ‘ம்ம்’ என்று இடைவிடாமல் வரும் இரைச்சல், கேட்டதும் பெரும்பாலோர் முதலில் செய்வது, பவர் சப்ளையில் இருக்கும் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றைப் போடுவதுதான். சில நேரம் அது பலன் தரும், பல நேரம் தராது, சில நேரம் ஹம்மை அதிகப்படுத்தியும் விடும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர், சப்ளை, கிரவுண்டு வயர், டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம், வெளியே இணைத்திருக்கும் லேப்டாப் என்று ஹம் நுழைவதற்குப் பல வாசல்கள் இருக்கின்றன. ஒன்றை அடைத்தால் மற்றொன்றின் வழியாக வருவது நிற்காது. ஆகவே எந்த வாசல் என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் சோல்டரிங் அயனைச் சூடாக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஆசிலாஸ்கோப் தேவையில்லை. காது, ஒரு மல்டிமீட்டர், ஒன்றிரண்டு கெபாசிட்டர்கள், ஒரு பழைய பேட்டரி ஆகியவற்றுடன் வரிசை தவறாமல் சோதிக்கும் பொறுமையும் இருந்தால் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து இந்த வேலையைச் செய்பவர்கள் மாலை நேரத்தில் இறங்கும் வோல்டேஜையும், பாறை நிலத்தில் போடப்பட்ட எர்த்தையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஹெட்போனுக்கான ஆம்ப்ளிஃபையரில் ஹம்மை அடக்குவது ஸ்பீக்கருக்கானதைவிடக் கடினம் என்பதை எண்களாகப் பார்த்தால்தான் முழுமையாக விளங்கும். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் ஒலி தரும் 32 ஓம் ஹெட்போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த 1 மில்லிவாட்டுக்குத் தேவைப்படுவது சுமார் 0.18 வோல்ட். அப்படியானால் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட் ஹம் இருந்தாலே அது 55 டெசிபலாகக் காதில் விழும். 0.1 மில்லிவோல்ட்டாகக் குறைத்தாலும் 35 டெசிபல் இருக்கும். நம் காது 100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 27 டெசிபலிலும், 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 44 டெசிபலிலும்தான் உணரத் தொடங்குகிறது. ஆகவே 0.1 மில்லிவோல்ட் அளவில் 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்காமல் போகலாம், 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்கவே செய்யும். இந்த 0.1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்குவதுதான் நம் இலக்கு. அதே உணர்திறன் உள்ள 300 ஓம் ஹெட்போனில் இதே ஹம் சுமார் 10 டெசிபல் குறைவாகக் கேட்கும் என்பதால், நண்பரின் ஹெட்போனில் அமைதியாக இருந்த ஆம்ப்ளிஃபையர் உங்கள் ஹெட்போனில் ஹம் அடிப்பதில் வியப்பில்லை.

மூடியைத் திறக்கும் முன்

இந்தச் சர்க்யூட்டுகளில் 150 முதல் 300 வோல்ட் வரை டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது நிற்கும். 300 வோல்ட்டில் நிறைந்த 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 4.5 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அதற்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் வடிந்துவிடும். அப்போதும் மீட்டரை வைத்துப் பார்த்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதை உறுதிசெய்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது உள்ளே அளக்க நேர்ந்தால், கறுப்பு முனையைக் கிளிப் போட்டுச் சேஸியில் (ஆம்ப்ளிஃபையரின் உலோகக் கூட்டில்) மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் சிவப்பு முனையைப் பிடியுங்கள். அந்த நேரத்தில் ஹெட்போன் தலையில் இருக்கவே கூடாது, ஏனென்றால் ஹெட்போனின் வயர் சேஸியோடு இணைந்தது. ஒரு கை வால்வின் பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜில் பட்டால் மின்சாரம் தலை வழியாகப் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதல் முறை சுவிட்ச் போடும்போது 60 வாட் குண்டு பல்ப் பொருத்திய சீரிஸ் போர்டு வழியாகவே போடுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஹெட்போனை மாட்டும் முன் ஜாக்கில் டிசி வோல்டேஜ் இருக்கிறதா என்று அளப்பதும் கட்டாயம், ஏனென்றால் வெளியீட்டுக் கெபாசிட்டர் கசிந்தால் அந்த டிசி முழுவதும் ஹெட்போனுக்கு வரும்.

காதால் பிரித்தறிதல்

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதை ரெக்டிஃபையரில் (ஏசியை டிசியாக்கும் டையோடுகளில்) முழு அலையாக நேராக்கிய பிறகு மிஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ். இந்த வேறுபாடுதான் முதல் துப்பு. செல்போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை நிறுவி, 50 ஹெர்ட்ஸையும் 100 ஹெர்ட்ஸையும் மாற்றி மாற்றி ஹெட்போனில் கேட்டு, உங்கள் ஆம்ப்ளிஃபையரின் ஹம் எதனோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். செல்போனின் சொந்த ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸைத் தர முடியாது. அடிவயிற்றில் உணர்வது போன்ற மென்மையான 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர், காந்தப்புலம், எர்த் லூப் (இரு கருவிகளின் எர்த்துகள் வயர் வழியே ஒரு வளையமாகச் சேர்வது) ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே கேட்கும் 100 ஹெர்ட்ஸ் என்றால் பவர் சப்ளையையும், ரெக்டிஃபையரின் மின்னோட்டம் திரும்பிவரும் வயரையும் சந்தேகிக்க வேண்டும். வண்டு ரீங்கரிப்பதைப் போலக் கூர்மையான கரகரப்பும் சேர்ந்திருந்தால், ரெக்டிஃபையரின் மின்துடிப்புகள் சிக்னல் கிரவுண்டில் கலக்கின்றன என்றோ, அருகில் இருக்கும் எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர் போன்றவை தொந்தரவு செய்கின்றன என்றோ கொள்ளலாம்.

கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் வைத்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். பல வீடுகளில் இருப்பவை சதுர அலை தரும் இன்வெர்ட்டர்கள். அவற்றில் நன்றாகக் கட்டப்பட்ட ஆம்ப்ளிஃபையரும் கரகரக்கும், இல்லாத கோளாறைத் தேடி நேரம் வீணாகும்.

அடுத்து, இரண்டு இன்புட்டுகளிலும் இருக்கும் வயர்களைக் கழற்றிவிட்டு, நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்த ஆர்சிஏ பிளக்குகளை மாட்டுங்கள். இந்த ஷார்ட் பிளக்குகளை ஒரு முறை செய்து வைத்துக்கொண்டால் காலம் முழுக்க உதவும். இவற்றை மாட்டியதும் ஹம் நின்றுவிட்டால், கோளாறு ஆம்ப்ளிஃபையருக்கு வெளியே இருக்கிறது. நிற்கவில்லை என்றால் வால்யூமைச் சுழியத்திலிருந்து முழு அளவு வரை மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். எந்த மாற்றமும் இல்லை என்றால் ஹம் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு நுழைகிறது. வால்யூமோடு சேர்ந்து சீராக ஏறினால் அதற்கு முன்னே நுழைகிறது. இரு முனைகளிலும் குறைவாகவும் இடையில் எங்கோ ஓர் இடத்தில் அதிகமாகவும் கேட்டால், அது மிகவும் பயனுள்ள அடையாளம். 50 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோலில் (பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாகப் பாட்) நடுமுனை மின்தடையின் சரிபாதியில் நிற்கும்போது, கிரிட்டுக்கு (வால்வில் சிக்னல் நுழையும் முனைக்கு) தெரியும் தடை 12.5 கிலோஓம்; அதுவே அதிகபட்சம். அந்த இடத்தில் ஹம் உச்சம் அடைகிறது என்றால், பாட்டிலிருந்து கிரிட்டுக்குப் போகும் வயர் பக்கத்தில் இருக்கும் ஏசி வயரிலிருந்து ஹம்மை உறிஞ்சுகிறது. அந்த வயரைச் சுருக்கி, ஷீல்டு வயராக மாற்றி, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் இணைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பாட்டின் உலோக உடலைத் தொடும்போது ஹம் மாறினால் அந்த உடல் சேஸியோடு சேரவில்லை என்று பொருள்.

ஒரு காதில் மட்டும் ஹம் என்றால் இரு பக்க வால்வுகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஹம்மும் கூடவே மாறினால் வால்வு. மாறாவிட்டால் அந்தப் பக்கத்து வயரிங்கோ, டிரை சோல்டரோ. இரு காதிலும் ஒரே அளவு என்றால் இரண்டுக்கும் பொதுவான சப்ளையைப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வருவது

ஷார்ட் பிளக் மாட்டியதும் ஹம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதை இன்னொரு விதமாகவும் உறுதிசெய்யலாம்: பாட்டு வரும் கருவியை இணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் சுவிட்சை மட்டும் அணையுங்கள். ஹீட்டர் சூடு ஆறும் வரை சில விநாடிகள் அது வேலை செய்துகொண்டிருக்கும். அந்த விநாடிகளிலும் ஹம் தொடர்ந்தால் அது வெளியிலிருந்து வருவதுதான், ஏனென்றால் உள்ளே ஏசியே இல்லை. லேப்டாப்பிலிருந்து பாட்டு வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட விடுங்கள். கரகரப்பு உடனே நிற்கும் என்றால் சார்ஜருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே எர்த் லூப் உருவாகியிருக்கிறது. டிவியிலிருந்து வந்தால் செட்டாப் பாக்ஸின் கேபிளை ஒரு கணம் கழற்றிப் பாருங்கள், ஏனென்றால் தெருவிலிருந்து வரும் அந்தக் கேபிளின் உலோக உறை உங்கள் வீட்டு எர்த்தோடு ஒத்துப்போகாத வேறொரு கிரவுண்டைச் சுமந்து வருகிறது. முதல் மருந்து எளிமையானது: எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவது. அதிலும் தீராவிட்டால் 600 ஓம், 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை நடுவில் வைக்கலாம்.

ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் லூப் அறுந்து ஹம் நிற்கும் என்பது உண்மைதான். அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உள்ளே 230 வோல்ட் வயர் ஒன்று தளர்ந்து சேஸியைத் தொட்டால், தலையில் ஹெட்போன் மாட்டியிருக்கும் மனிதரைக் காப்பாற்றுவது அந்த ஒரு பின்தான். எர்த் வயர் சேஸியில் தனி போல்ட்டில், பெயிண்டைச் சுரண்டி, இறுக்கமாக இணைந்திருக்க வேண்டும். லூப்பைத் தளர்த்த வேண்டுமென்றால் சேஸிக்கும் சிக்னல் கிரவுண்டுக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டரையும், அதற்கு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்றையும் வைக்கலாம். அந்தப் பிரிட்ஜின் பிளஸையும் மைனஸையும் ஒன்றாக இணைத்துவிட்டு, இரு ஏசி முனைகளை 10 ஓம்முக்குக் குறுக்கே இணைக்க வேண்டும். சில மில்லிவோல்ட் லூப்பை அந்த 10 ஓம் தடுக்கும். பெரிய கோளாறு நேர்ந்தால் டையோடுகள் மின்னோட்டத்தை எர்த்துக்குக் கொண்டுபோகும்.

எர்த்தே சரியில்லாத வீடுகளும் இங்கே குறைவில்லை. நம் பகுதியின் பெரும்பகுதி கிரானைட் பாறையின் மேல் படிந்த மெல்லிய மண். எர்த் குழியைப் போதிய ஆழம் தோண்ட முடியாமல் பாறையில் முட்டி நிறுத்திவிடுவதும், கோடையில் குழி வறண்டு மின்தடை ஏறிவிடுவதும் வழக்கம். பிளக் பாயிண்ட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என்று மூன்று அளவுகளையும் எடுங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவும் மூன்றாவது சில வோல்ட்டுக்குள்ளும் இருந்தால் நல்லது. மூன்றாவது 20, 30 வோல்ட் என்று காட்டினால் ஆம்ப்ளிஃபையரை அப்படியே வைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். கரியும் உப்பும் போட்ட குழியில் கோடைக்காலத்தில் தண்ணீர் ஊற்றி வருவது பழைய வழக்கம். அது இன்றும் பயன் தருகிறது. ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் அதையும் அப்போதே பொருத்திவிடுங்கள்.

ஹீட்டர்

ஷார்ட் பிளக் மாட்டியும், வால்யூமை எப்படித் திருப்பியும் மாறாத 50 ஹெர்ட்ஸ் கேட்கிறது என்றால், முதலில் ஹீட்டரைப் பார்க்க வேண்டும். அதைத் தீர்மானமாக அறிய ஓர் எளிய வழி பேட்டரி. இசிசி82 வால்வின் ஹீட்டரை 4, 5 பின்களுக்கு இடையே 12.6 வோல்ட், 0.15 ஆம்பியரில் எரிக்கலாம். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பைக் பேட்டரி தருவதும் கிட்டத்தட்ட அதே 12.6 வோல்ட்தான். 6.3 வோல்ட் ஹீட்டர் உள்ள இசிசி88 என்றால் எமர்ஜென்சி லைட்டில் வரும் 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி போதும். டிரான்ஸ்பார்மரின் ஹீட்டர் வயர்களைக் கழற்றி நுனிகளுக்கு இன்சுலேஷன் போட்டுவிட்டு, பேட்டரியை இணைத்து, அதன் மைனஸைக் கிரவுண்டில் சேர்த்துக் கேளுங்கள். ஹம் மறைந்தால் குற்றவாளி ஹீட்டர்தான், மறையாவிட்டால் அந்தச் சந்தேகத்தை அடியோடு விட்டுவிடலாம்.

ஏசி ஹீட்டரில் மிக அதிகமாகக் காண்கிற கோளாறு, ஹீட்டர் சுற்றுக்குக் கிரவுண்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மிதந்துகொண்டிருப்பது. டிரான்ஸ்பார்மரில் நடு டேப் இல்லையென்றால், இரு ஹீட்டர் வயர்களிலிருந்தும் 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்றை எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கிரவுண்டில் இணையுங்கள். இதிலேயே ஹம் பாதிக்கு மேல் இறங்குவதுண்டு. இரண்டாவது, வயர் போகும் வழி. ஹீட்டர் வயர்கள் இரண்டையும் இறுக்கமாக முறுக்கி, சேஸியின் மூலையை ஒட்டிக் கொண்டுபோய், சாக்கெட்டின் கிரிட் பின்னுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஏற்ற வேண்டும். மூன்றாவது சற்று நுட்பமானது. சூடான ஹீட்டர் தன்னைச் சுற்றியிருக்கும் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளியிடும்) குழாயைவிட நெகட்டிவாக இருக்கும்போது, ஹீட்டரிலிருந்து எலக்ட்ரான்கள் கேத்தோடுக்குப் பாய்ந்து அதில் 50 ஹெர்ட்ஸைக் கலக்கும். ஹீட்டர் சுற்று முழுவதையும் 40 வோல்ட் அளவுக்குப் பாசிட்டிவாகத் தூக்கி வைத்தால் இந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். 250 வோல்ட் சப்ளையிலிருந்து 220 கிலோஓம், 47 கிலோஓம் பிரிப்பான் போட்டால் 44 வோல்ட் கிடைக்கும். 47 கிலோஓம்முக்குக் குறுக்கே 100 வோல்ட் தாங்கும் 22 மைக்ரோஃபாரட் ஒன்றைப் போட்டு, அந்த முனையில் இரண்டு 100 ஓம்கள் சேரும் இடத்தைக் கிரவுண்டுக்குப் பதிலாக இணையுங்கள். ஒரு வால்வின் மேல் இன்னொன்றை அடுக்கும் எஸ்ஆர்பிபி போன்ற அமைப்பில் மேல் கேத்தோடு நூறு வோல்ட்டுக்கு மேலே நிற்பதால், இப்படித் தூக்குவது ஹம்மைக் குறைப்பதோடு வால்வின் ஹீட்டர்–கேத்தோடு வோல்டேஜ் வரம்பையும் காக்கிறது.

டிசி ஹீட்டர் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு, பாலக்கோடு பக்கத்து இளைஞர் ஒருவர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையரைக் காட்ட விரும்புவேன். பகலில் அதில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு 100 ஹெர்ட்ஸ் கரகரப்பு. “எல்லா கண்டென்சரையும் மாத்திப் பாத்துட்டேன்ணா, போகவே மாட்டேங்குது” என்றார். அவர் போட்டிருந்தது 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர், சாதாரண பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட், எல்எம்317 ரெகுலேட்டர். இரண்டு இசிசி82 ஹீட்டர்களும் 6.3 வோல்ட்டில் இணையாக, மொத்தம் 0.6 ஆம்பியர். 230 வோல்ட் இருக்கும்போது 9 வோல்ட்டின் உச்சம் 12.7, இரு டையோடுகளில் 1.4 போக 11.3, அலைவில் இன்னும் 1.3 இறங்கினால் பள்ளம் 10 வோல்ட். எல்எம்317க்குத் தேவை 6.3 வோல்ட்டும் அதற்கு மேலே ஒரு 2 வோல்ட்டும், ஆக 8.3. பகலில் போதுமான இடைவெளி இருக்கிறது. சாயங்காலம் அவர் வீட்டில் அளந்தால் மெயின்ஸ் 190 வோல்ட். அதே கணக்கைப் போட்டால் உச்சம் 10.5, டையோடு போக 9.1, அலைவு போக பள்ளம் 7.8. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ரெகுலேட்டர் ஒரு கணம் கைவிட, அந்தப் பள்ளங்கள் அப்படியே ஹீட்டருக்குப் போய்க்கொண்டிருந்தன.

பிரிட்ஜில் ஷாட்கி டையோடுகளைப் போட்டதில் அரை வோல்ட்டுக்கு மேல் மிச்சமாயிற்று. 4700ஐ 10,000 மைக்ரோஃபாரட்டாக்கியதும் அலைவு 0.6 வோல்ட்டாகச் சுருங்கிற்று. பள்ளம் 9 வோல்ட்டுக்கு வந்ததும் கரகரப்பு நின்றது. இந்தக் கணக்கில் டிரான்ஸ்பார்மரின் சொந்த இறக்கத்தைச் சேர்க்கவில்லை, ஆகவே உங்கள் ஆம்ப்ளிஃபையரில் கணக்கோடு நிறுத்தாமல் அளந்தும் பாருங்கள். போர்வெல் மோட்டார்கள் ஓடும் கிராமத்து லைனில் இருப்பவர்கள் குறைந்த வோல்டேஜையே அடிப்படையாக வைத்துச் சப்ளையை வடிவமைக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். டிரான்ஸ்பார்மர் சுற்றக் கொடுக்கும்போதே 9க்குப் பதிலாக 10 வோல்ட் கேட்டு வாங்குவதும் நல்ல வழி. மெயின்ஸ் முழுதாக இருக்கும் நேரத்தில் ரெகுலேட்டர் கூடுதலாகச் சூடேறும் என்பதால் ஹீட்சிங்க்கை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

சப்ளையும் கிரவுண்டு வயரும்

100 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பெரிய கெபாசிட்டர் போட்டும் பலன் கிடைப்பதில்லை. முதலாவது, வடிகட்டுவது உண்மையிலேயே போதாமை. 50 மில்லிஆம்பியர் எடுக்கும் ஆம்ப்ளிஃபையரில் முதல் கெபாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் என்றால், அதன் மேல் உச்சத்திலிருந்து பள்ளம் வரை 5 வோல்ட் அலைவு இருக்கும்; ஆர்எம்எஸ் அளவில் 1.4 வோல்ட். அடுத்து 1 கிலோஓம், 100 மைக்ரோஃபாரட் என்று ஓர் ஆர்சி (ரெசிஸ்டர்–கெபாசிட்டர்) வடிகட்டிக் கட்டம் வைத்தால், 100 ஹெர்ட்ஸில் அந்தக் கெபாசிட்டரின் மறுப்பு (ஏசிக்கு அது காட்டும் தடை) 16 ஓம் என்பதால் அலைவு 63இல் ஒரு பங்காகி 23 மில்லிவோல்ட்டுக்கு வரும். முதல் வால்வு இசிசி82 ஆகவும் அதன் பிளேட் ரெசிஸ்டர் 22 கிலோஓம் ஆகவும் இருந்தால், அந்த அலைவில் ஏறக்குறைய கால்பங்கு, அதாவது 6 மில்லிவோல்ட், அப்படியே சிக்னலில் சேரும். நாம் வைத்த இலக்கு 0.1 மில்லிவோல்ட். ஆகவே முதல் வால்வுக்கு மட்டுமாவது இன்னொரு ஆர்சி கட்டம் கட்டாயம்; அதுவும் 63 மடங்கு குறைத்தால் இலக்கைத் தொட்டுவிடலாம். முதல் வால்வு எடுப்பது சில மில்லிஆம்பியர்தான் என்பதால் அங்கே 4.7 கிலோஓம் கூட வைக்கலாம். மொத்த மின்னோட்டமும் போகும் முதல் கட்டத்தில் 1 கிலோஓம் வைத்தால் 50 வோல்ட் இழப்பும் 2.5 வாட் சூடும் வருகிறது. அதற்குப் பதில் 10 ஹென்றி சோக் (இரும்பின் மேல் சுற்றிய கம்பிச் சுருள்) கிடைத்தால் 100 ஹெர்ட்ஸில் அதன் மறுப்பு 6,280 ஓம் என்பதால் அலைவு சுமார் 390இல் ஒரு பங்காகிவிடும். ஓசூரிலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய சோக்குகளைத் தேடிப் பார்க்கலாம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை எங்கே வாங்கினாலும் பற்றவைக்கும் முன் மீட்டரில் மைக்ரோஃபாரட்டை அளந்துவிடுங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்தது பாதி அளவே காட்டக்கூடும். ஏற்கெனவே பொருத்தியிருக்கும் கெபாசிட்டர் உலர்ந்துவிட்டதா என்று அறிய, மின்சாரத்தை நிறுத்தி வடியவிட்டு, அதே அளவில் நல்ல கெபாசிட்டர் ஒன்றை இணையாகப் பற்றவைத்துக் கேட்டால் போதும்.

இரண்டாவது காரணம் வயரின் பாதை; என் அனுபவத்தில் இதுவே அதிகம். முதல் கெபாசிட்டருக்குள் மின்னோட்டம் சீராகப் பாய்வதில்லை, ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும் ஒரு குறுகிய துடிப்பாகப் பாய்கிறது. சராசரி 50 மில்லிஆம்பியர் என்றாலும் அந்தத் துடிப்பு 0.4 ஆம்பியர் வரை போகலாம். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 3.4 மில்லிஓம் தடை உடையது. அதில் 0.4 ஆம்பியர் பாய்ந்தால் கிடைப்பது 1.4 மில்லிவோல்ட். விரல் நீளத்தைவிடச் சற்று அதிகமான ஒரு வயர்த் துண்டு, நம் இலக்கைவிடப் பதினான்கு மடங்கு ஹம்மைத் தருகிறது. அந்தத் துண்டிலேயே இன்புட்டின் கிரவுண்டும் சேர்ந்திருந்தால் இந்த வோல்டேஜ் வால்வின் கிரிட்டில் போய் விழும். இதில் கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் துடிப்பு இன்னும் கூர்மையாகி ஹம் கூடத்தான் செய்யும்.

ஆகவே டிரான்ஸ்பார்மரின் நடு டேப்பையோ பிரிட்ஜின் மைனஸையோ நேராக முதல் கெபாசிட்டரின் மைனஸ் காலில் பற்றவைத்து அங்கேயே நிறுத்துங்கள்; அந்த வயரில் வேறெதையும் இணைக்காதீர்கள். அந்தக் காலிலிருந்து ஒரே ஒரு வயர் இரண்டாவது கெபாசிட்டரின் மைனஸுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் போக வேண்டும். வெளியீட்டு வால்வின் கிரவுண்டும் ஹெட்போன் ஜாக்கின் கிரவுண்டும் இரண்டாவதில், முதல் வால்வு, வால்யூம் பாட், இன்புட் சாக்கெட் ஆகியவற்றின் கிரவுண்டுகள் மூன்றாவதில் சேர வேண்டும். சேஸிக்கு இணைப்பு ஒரே இடத்தில், இன்புட்டின் அருகே. இதைச் செய்து முடித்த பிறகு அந்தச் சேஸி இணைப்பைக் கழற்றிவிட்டு, சிக்னல் கிரவுண்டுக்கும் சேஸிக்கும் இடையே ஓம் மீட்டரை வையுங்கள். தொடர்பு காட்டினால் தெரியாமல் இன்னொரு இணைப்பு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது ஹெட்போன் ஜாக்காக இருக்கும், ஏனென்றால் உலோக ஜாக்கின் மரை முன் பலகையைத் தொட்டு இரண்டாவது கிரவுண்டை உருவாக்கிவிடுகிறது. பிளாஸ்டிக் உடல் உள்ள ஜாக்கோ ஃபைபர் வாஷரோ போட்டால் அது தீரும். கழற்றிய சேஸி இணைப்பை மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள்.

எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று இன்னும் தெரியவில்லை என்றால், 400 வோல்ட் தாங்கும் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றில் கிளிப் பற்றவைத்து, மின்சாரம் இல்லாத நேரத்தில் கடைசி வால்வின் கிரிட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மாட்டி, பிறகு சுவிட்ச் போட்டுக் கேளுங்கள். ஹம் குறைந்தால் அது அந்தக் கிரிட்டுக்கு முன்னால் நுழைகிறது, குறையாவிட்டால் பின்னால். இப்படியே ஒவ்வொரு கிரிட்டாக இன்புட்டை நோக்கிப் போகலாம். முதல் வால்வைப் பிடுங்கிப் பார்க்கும் குறுக்குவழி நேரடியாக இணைத்த சர்க்யூட்டில் ஆபத்தானது, ஏனென்றால் முதல் வால்வு இல்லாதபோது அடுத்த வால்வின் கிரிட் முழு சப்ளை வோல்டேஜுக்கு ஏறிவிடும்.

காந்தப்புலம்

50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸும் கலந்து கேட்டு, ஹீட்டரைப் பேட்டரிக்கு மாற்றியும் போகவில்லை என்றால், மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரின் புலம் சிக்னல் வயரிலோ வெளியீட்டு டிரான்ஸ்பார்மரிலோ ஏறுகிறது. அலுமினியத் தகடு இதை மறைக்காது. ஆம்ப்ளிஃபையரை அணைத்து, வடியவிட்டு, டிரான்ஸ்பார்மரின் போல்ட்டுகளைக் கழற்றி, வயர் எட்டும் தூரத்தில் மரப்பலகை மேல் வைத்து, ஒவ்வொரு முறையும் அணைத்துத் திருப்பிவைத்துக் கேட்டுப் பாருங்கள். 90 பாகை திருப்பினாலே பெரிய வேறுபாடு தெரியும் திசை ஒன்று கிடைக்கும். அந்தத் திசையிலேயே மீண்டும் பொருத்துங்கள்.

எஞ்சியிருப்பதை எண்ணால் அறிய விரும்பினால், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மல்டிமீட்டர்கள் உதவாது. அவற்றின் மிகக் குறைந்த ஏசி அளவே 200 வோல்ட். வெளியீட்டில் ஹெட்போனுக்குப் பதில் 33 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அதற்குக் குறுக்கே இருப்பதை, பேட்டரியில் ஓடும் லேப்டாப்பின் லைன் இன்புட்டில் கொடுத்து, ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு நிமிடம் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் வரையச் சொல்லுங்கள். 50, 150, 250 என்று முனைகள் எழுந்தால் காந்தப்புலத்தையும், 100, 200, 300 என்று வரிசையாக எழுந்தால் ரெக்டிஃபையரின் பாதையையும் மீண்டும் பார்க்க வேண்டும். சுவிட்ச் போடும்போதும் அணைக்கும்போதும் வெளியீட்டுக் கெபாசிட்டர் ஒரு பெரிய துடிப்பைத் தள்ளும் என்பதால், வால்வுகள் சூடேறி ஒரு நிமிடம் கழிந்த பிறகே லேப்டாப்பை இணைத்து, அணைப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த ஸ்பெக்ட்ரத்தைத் தேதியோடும், அந்த நேரத்து மெயின்ஸ் வோல்டேஜோடும் சேமித்து வைத்தால், எந்த மாற்றம் எத்தனை டெசிபல் குறைத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.